மேட்டு நிலத்தின் முக்கால் ஏக்கர்

பொய் சொல்கிறவர்கள் எல்லோரும் ஏன் மேட்டிலேயே குடியிருக்கிறார்கள் என்ற கேள்வி எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணி வாக்கில் வந்தது. கையில் பசை டப்பா, எதிரே அலுவலக அறிவிப்புப் பலகை. நான் ஒட்டிக்கொண்டிருந்த தாளில் நாற்பத்தொரு விவசாயிகளின் பெயர்கள் இருந்தன. பயிர் மானியத்துக்காக நிலத்தின் அளவைக் கூட்டிக் காட்டியவர்கள் என்று மேலே தடித்த எழுத்தில் தலைப்பு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இருந்த முகவரியைப் படித்துக்கொண்டே போனேன். மேட்டுத்தெரு, மேட்டுத்தெரு, மேலச்சரிவு, மேட்டுத்தெரு. பள்ளத்தில் இருந்து ஒருவர்கூட இல்லை.

நான் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கவுண்ட்டரில் உட்காருகிறவள். பதினெட்டு வருடமாக அதே கண்ணாடித் தடுப்பு, அதே அரைவட்ட ஓட்டை. அந்த ஓட்டை வழியாக விண்ணப்பம் உள்ளே வரும். கூடவே ஊர்க்கதையும் வரும். எனக்கு மூக்கு கொஞ்சம் நீளம் என்று வீட்டில் சொல்வார்கள். அது உண்மைதான். ஒரு விஷயம் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பள்ளத்து ஆட்கள் யோக்கியம், மேட்டு ஆட்கள் திருடர்கள் என்று யாராவது சொன்னால் எப்படி நம்புவது? பள்ளத்து ஆட்களை எனக்கு நன்றாகவே தெரியும்.

மானியம் கொடுக்கிற முறை சிக்கலானதல்ல. எத்தனை ஏக்கரில் பயிர் வைக்கிறார்களோ அதற்கு ஏற்ற தொகை வங்கிக்குப் போகும். ஏக்கர் கணக்கை எங்கள் அலுவலகத்து அளவையாளர் போய் அளந்து ஒரு சீட்டு கொடுப்பார். விவசாயி அந்த எண்ணை விண்ணப்பத்தில் எழுதி, ‘மேற்கண்டது உண்மை’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவார். இந்த வருடம்தான் முதல் முறையாக, வானத்தில் இருந்து எடுத்த படத்தை வைத்துத் தலைமையகத்தில் சரிபார்த்திருக்கிறார்கள். ஐந்து சதவீதம் வரை வித்தியாசம் இருந்தால் மன்னிப்பு. அதற்கு மேல் போனால் இந்த வருடத்துப் பணம் கிடையாது. போன ஐந்து வருடத்துப் பணத்தையும் முப்பது நாளில் திருப்பிக் கட்ட வேண்டும்.

அந்த நாற்பத்தொரு நிலங்களையும் அளந்தவர் ஒரே ஆள். அவரை எல்லோரும் சக்கரத்தார் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. ஒற்றைச் சக்கரம், நீளமான கைப்பிடி, பிடியில் ஒரு சின்னப் பெட்டி. உருட்டிக்கொண்டு நடந்தால் பெட்டியில் மீட்டர் எண் ஓடும். அந்தச் சக்கரத்தை இருபத்து மூன்று வருடமாக உருட்டுகிறார். சாயங்காலம் திரும்பி வந்ததும் முதலில் சக்கரத்தைத் துடைப்பார். அப்புறம்தான் தன் முகத்தைக் கழுவுவார். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. அதில் அன்றன்று நடந்த தூரத்தை எழுதிக் கூட்டிக்கொண்டே வருகிறார். பூமியை ஒரு முறை சுற்ற நாற்பதாயிரம் கிலோமீட்டராம். அவருக்கு இன்னும் இரண்டாயிரத்துச் சொச்சம்தான் பாக்கி.

“ஓய்வு பெறதுக்குள்ள முடிச்சிருவேன் தங்கச்சி” என்பார்.

“சுத்தி முடிச்சா எங்கண்ணே வந்து நிப்பீங்க?” என்று கேட்டேன் ஒரு நாள்.

“கிளம்பின இடத்துலதான். உன் கவுண்ட்டர்ல.”

ஆனால் மனிதர் மகா கறார். அளக்கப் போன வீட்டில் கை நனைக்க மாட்டார். சாப்பாடு மட்டுமல்ல, தண்ணீர்கூட வாங்க மாட்டார். நெளிந்த அலுமினிய பாட்டில் ஒன்று அவர் தோளில் எப்போதும் தொங்கும். ஒரு தடவை யாரோ அவருக்குத் தெரியாமல் சைக்கிள் கூடையில் நாலு தக்காளி போட்டுவிட்டார்கள். நாலு மைல் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டில் அவர் மனைவி என்ன பாடுபடுகிறார்களோ என்று நான் நினைத்துக்கொள்வேன். சாம்பாருக்கு உப்பு எத்தனை கிராம் என்று கேட்பாராம்.

அறிவிப்பு ஒட்டிய அன்றே புது அதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டார். முப்பது வயதுக்காரர், எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை படிப்பவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. சக்கரத்தார் மேட்டுக்காரங்ககிட்ட ஏதாவது வாங்குவாரா?”

எனக்குக் காது வரை சூடேறியது. “தண்ணி கூட வாங்கிக் குடிக்க மாட்டார் சார்.”

“நான் சொல்லல, தலைமையகம் கேக்குது. பள்ளத்து நிலத்துல எல்லாம் அவர் அளவும் படமும் மயிரிழை தப்பாம பொருந்துது. மேட்டுல மட்டும் எல்லாமே கூடுதல். அப்ப தெரிஞ்சேதானே கூட்டியிருக்கணும்? ஒண்ணு அவங்க திருடங்க, இல்ல இவர் திருடர், இல்ல ரெண்டு தரப்பும் கூட்டு.”

“நாலாவதா எதுவும் இருக்கக் கூடாதா?”

“ஆபீஸ் பிழைன்னு காட்டினா பழைய பணத்தைத் திருப்பிக் கேக்க மாட்டாங்க. விதியில இருக்கு. ஆனா அதுக்குக் காகிதம் வேணும். வாய்வார்த்தை செல்லாது” என்றார்.

மறுநாள் கவுண்ட்டர் ஓட்டையில் ஒரு கை வந்தது. விரலிடுக்கில் மண். கையில் எங்கள் அலுவலகத்துக் கடிதம். மேட்டு வீட்டு அக்கா. பன்னிரண்டரை ஏக்கர், தனியாளாகப் பயிர் செய்கிறவள். கணவர் இறந்து ஏழு வருடம். வழக்கமாக அவள் வந்தால் பின்னால் வரிசையில் நிற்பவர்களும் சிரிப்பார்கள், வாய் அப்படி. அன்று சத்தமே இல்லை.

“இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சிட்டேன். எனக்குப் புரியல. நீங்க குடுத்த சீட்டுல பன்னண்டரை. அதைத்தானே எழுதினேன்? இப்ப படத்துல பதினொண்ணே முக்கால்னு சொல்றீங்க. என் முக்கால் ஏக்கரை யாரு தூக்கிட்டுப் போனா?”

“பார்த்துட்டு இருக்காங்க அக்கா.”

“பாருங்க. டிராக்டரை வித்தாத்தான் இந்தப் பணத்தைக் கட்ட முடியும். டிராக்டரை வித்துட்டு அந்தச் சரிவுல நான் என்ன பண்றது, உருண்டு விளையாடவா?” என்றாள். கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. கடிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பன்னிரண்டரை ஏக்கர் சீட்டை இந்த ஓட்டை வழியாகக் கொடுத்தவள் நான்தான்.

பின்னால் மேசையில் இருந்த சக்கரத்தார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து வந்தார்.

“சனிக்கிழமை திரும்ப அளக்கறேன். நீயும் வா, சாட்சிக்கு. வானத்துல இருந்து பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? நான் காலால நடந்தவன்.”

சனிக்கிழமை போனோம். சரிவின் அடியில் வேலிக்கல்லில் சக்கரத்தை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, எனக்குக் காட்டினார். பிறகு மேலே ஏறினார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். மேல் வேலியில் இருநூற்று ஐம்பது மீட்டர். இறங்கும்போது மறுபடி உருட்டினார். இருநூற்று ஐம்பது. அகலத்தை எடுத்தார். பெருக்கினார். பன்னிரண்டரை ஏக்கர், ஆணி அடித்த மாதிரி.

“பார்த்தியா?” என்றார். ஐம்பத்தேழு வயது மனிதர், முதல் ரேங்க் வாங்கிய பையன் மாதிரி நின்றார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் கேள்வி அப்படியே இருந்தது. இவர் அளவு சரி என்றால் படம் மேட்டுக்கு வந்தால் மட்டும் ஏன் பொய் சொல்கிறது? படத்துக்கும் மேட்டுக்காரர்களுக்கும் என்ன பகை?

அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள். நான் குடித்தேன். அவர் தன் பாட்டிலைத் திறந்தார். அவள் அதற்கெல்லாம் பழகிவிட்டவள். நிழலுக்காகக் கன்றுக்குட்டிக் கொட்டகைக்குள் நின்றோம். புதிதாகத் தகரக் கூரை போட்டிருந்தாள். ஆனால் கூரையின் கீழ் ஓரத்தில் தகரம் இல்லை. நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தாள். எனக்குத்தான் கேட்காமல் இருக்க முடியாதே.

“ஏங்க்கா, அங்க மட்டும் தகரம் இல்ல?”

“அதைக் கேளு. தரையை அளந்தேன், பத்தடி. சரின்னு பத்தடித் தகரம் வாங்கிட்டு வந்துட்டேன். சாய்ச்சு வச்சா ஒரு முழம் பத்தல. தச்சர் விழுந்து விழுந்து சிரிச்சார். ‘படுத்திருக்கிற தரை வேற, சாஞ்சிருக்கிற கூரை வேற, இது கூடத் தெரியாதா’ன்னார். எனக்கு எப்படித் தெரியும், நான் என்ன தினமும் கூரை போடறவளா?”

நான் கூரையைப் பார்த்தேன். கீழே தரையைப் பார்த்தேன். பிறகு கொட்டகைக்கு வெளியே, வானத்தை நோக்கிச் சாய்ந்து கிடந்த அந்த நிலத்தைப் பார்த்தேன். மேலே இருந்து படம் எடுக்கிறவனுக்குக் கூரையின் நீளம் தெரியாது. தரையின் நீளம்தான் தெரியும்.

“அண்ணே,” என்றேன் மெதுவாக, “சக்கரம் வர்றதுக்கு முன்னாடி டேப் வச்சுத்தானே அளந்தீங்க? சரிவுல எப்படி அளப்பீங்க?”

அவர் யோசிக்காமலே சொன்னார். “டேப்பை மட்டமாப் பிடிக்கணும், நிலக் கணக்கு மட்டத்துக்குத்தான். மேல நிக்கிறவன் தரையில வைப்பான். கீழ நிக்கிறவன் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு, தூக்குக்குண்டு விட்டுத் தரையில குறிப்பான். கொஞ்சம் கொஞ்சமாப் படி மாதிரி...”

பாட்டிலின் மூடி கையில் இருந்தது. அதைத் திருகி மூட அவருக்கு வெகுநேரம் ஆனது.

திரும்பினோம். என் வீட்டு முனையில் சைக்கிளை நிறுத்தி, “தகரம் வேற, நிலம் வேற” என்றார். “விதை சரிவு மேலதான் விழுது. காத்துல இல்ல. நான் நடந்தது பொய்யா?”

“நடந்தது நிஜம்தாண்ணே” என்றேன். எழுதினதுதான் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் பழைய பீரோவைத் திறந்தேன். டேப் காலத்துக் கோப்புகள் அதன் அடித்தட்டில் இருக்கின்றன. எலிப்புழுக்கை, தூசி, என் தும்மல். இரண்டு மணி நேரம் தேடினேன். மேட்டு வீட்டுக் கோப்பு கிடைத்தது. அக்காவின் மாமனார் காலத்து அளவு: நீளம் இருநூற்று முப்பத்தைந்து மீட்டர். பதினொன்றே முக்கால் ஏக்கர். படத்தில் இருக்கும் அதே அளவு.

அடுத்த பக்கத்தைத் திருப்பியிருக்க வேண்டாம். ஆனால் நான் திருப்பாமல் இருப்பேனா? சக்கரம் வந்த முதல் வருடத்துப் பக்கம் அது. நீளம் இருநூற்று ஐம்பது என்று எழுதி, கீழே குறிப்பு: ‘முந்தைய டேப் அளவு பிழையானது. மறுமுனையில் டேப் பிடித்த உதவியாளரின் கவனக்குறைவே காரணம். சக்கரத்தின் அளவே சரி. மேட்டுப் பகுதி நிலங்கள் அனைத்தும் இவ்வாறே திருத்தப்பட்டன.’ கீழே அவருடைய கையெழுத்து, தேதியோடு. இன்றும் ஒரு கோணல் இல்லாமல் போடுகிறாரே, அதே கையெழுத்து.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதிகாரி கேட்ட காகிதம் இதுதான். யாரும் லஞ்சம் கொடுக்கவில்லை, யாரும் வாங்கவில்லை, அலுவலகமே தப்பு செய்திருக்கிறது என்று தானே எழுதி வைத்திருக்கிறது. இதைக் காட்டினால் நாற்பத்தொரு வீடு பிழைக்கும். அக்காவின் டிராக்டர் பிழைக்கும். ஆனால் இருபத்து மூன்று வருடமாக ஒரு அடி தப்பாதவர் என்று பெயரெடுத்த மனிதர், பாடம் தெரிந்திருந்தும் சக்கரம் கையில் வந்த சந்தோஷத்தில் அதை மறந்தார், சரியாகப் பிடித்தவர் மேல் பழியும் போட்டார் என்று ஊர் பேசும். அந்த உதவியாளர் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. அவருடைய கடைசி ஊர்வலத்தில் முன்னால் நடந்தவர் சக்கரத்தார்தான்.

நேரே அதிகாரியிடம் கொண்டுபோயிருக்கலாம். எனக்கு மனசு கேட்கவில்லை. பதினெட்டு வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து, பூமியைச் சுற்றிய கணக்கைக் கேட்டிருக்கிறேன். கோப்பைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்து, அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டு, கவுண்ட்டருக்கு வந்துவிட்டேன். அந்த ஒற்றைத் தாளைக் கிழிக்க அரை நிமிடம் போதும். அப்படிக் கிழித்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. கண்ணாடியில் அவர் நிழல் தெரியும், நான் பார்க்கவில்லை. மூக்கு நீண்டவள்தான், ஆனாலும் பார்க்கவில்லை.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து மணிக்குக் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அலுவலகக் கோப்பை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அவர் அந்த விதியை மீறி நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை எனக்கு முன்னால் வந்திருந்தார். கோப்பு கையில் இருந்தது, பக்கமும் இருந்தது. “உள்ள வா” என்றார்.

அதிகாரி அந்தப் பக்கத்தை வழக்கம் போல இரண்டு முறை படித்தார். முதல் முறை முகம் மலர்ந்தது. இரண்டாவது முறை வாடியது.

“இதை அனுப்பினா எல்லாக் கடிதமும் ரத்தாகும். இனிமே பதினொண்ணே முக்காலுக்குக் குடுப்பாங்க, பழசைக் கேக்க மாட்டாங்க. ஆனா உங்க பணிப் பதிவேட்டுல ஒரு குறிப்பு ஏறும். அளவை வேலையில இருந்தும் எடுத்துருவாங்க. இன்னும் எவ்வளவு நாள் இருக்கு உங்களுக்கு?”

“பதினாலு மாசம்.”

“வேற வழி ஏதாவது பார்க்கலாமா? ‘அந்தக் காலத்துல விதி தெளிவா இல்ல’ன்னு எழுதலாம். ‘அளவையாளருக்குத் தெரியாது’ன்னு போட்டா உங்களுக்கும் கௌரவம்...”

“வேண்டாம் சார்.” குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. “திருடன்னு எழுதாதீங்க, ஏன்னா நான் திருடல. தெரியாதவன்னும் எழுதாதீங்க, ஏன்னா எனக்குத் தெரியும். நாலு வருஷம் மட்டமாப் பிடிச்சு அளந்தவன் நான். தெரிஞ்சிருந்து மறந்தவன்னு எழுதுங்க. அதுதான் சரியான அளவு.” கொஞ்சம் நிறுத்தினார். “டேப்போட மறுமுனையைப் பிடிச்சவர் மேல தப்பே இல்லன்னு தனியா ஒரு வரி போடணும். அவர் சரியாத்தான் பிடிச்சார்.”

அதிகாரி எழுதினார். அந்தத் தனி வரியை வாசித்துக் காட்டச் சொன்னார் சக்கரத்தார். வாசித்ததும்தான் கையெழுத்துப் போட்டார். நான் வெளியே வந்து, கவுண்ட்டருக்குக் கீழே குனிந்து பேனாவைத் தேடுகிற சாக்கில் அழுதேன்.

பதினேழு நாள் கழித்து ரத்துக் கடிதங்கள் வந்தன. பலகையில் இருந்த பட்டியலை நானே கிழித்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் பாதி பலகையிலேயே தங்கிவிட்டது. சக்கரத்தை அலுவலகக் கிடங்கில் வைத்துப் பூட்டினார்கள். அதற்கு முந்தின சாயங்காலம் அதைத் துடைத்து வைத்திருந்தார். அவருக்கு என் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டார்கள். தபால் பதியும் வேலை. பூமி சுற்ற இன்னும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது கிலோமீட்டர் பாக்கி. நோட்டை எடுத்துப் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் கவனித்தேன். எடுக்கவில்லை.

மேட்டு வீட்டுக் கடிதத்தை மட்டும் தபாலில் அனுப்ப அவர் விடவில்லை. நேரில் கொடுக்கலாம் என்றார். போனோம். அக்கா கடிதத்தை வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்து முடித்துவிட்டுக் கொட்டகை ஓரத்தில் நின்ற டிராக்டரைப் பார்த்தாள்.

“என்னை மன்னிச்சிருங்கம்மா” என்றார் சக்கரத்தார். “உங்களைத் திருடின்னு பலகையில போட வச்சது என் கைதான்.”

“அது கிடக்குது” என்றாள் அவள். “ஆனா ஒண்ணு சொல்லுங்க. இனிமே முக்கால் ஏக்கருக்குப் பணம் கிடையாது. சரி. அந்த முக்கால் ஏக்கருக்கு நான் களை எடுக்கணுமா, வேண்டாமா?”

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். அவள் உள்ளே போய் ஒரே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். அவர் வாங்க மாட்டார் என்று இருபது வருடமாகத் தெரியும் அவளுக்கு. என் கை டம்ளருக்குப் போவதற்குள் அவர் கை நடுவில் வந்தது.

“எனக்குக் குடுங்கம்மா” என்றார். “இனிமே நான் அளக்கறவன் இல்ல.”

தோளில் தொங்கிய பாட்டில் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. நடக்கும்போது சத்தம் கேட்டிருந்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு, “இன்னொண்ணு கிடைக்குமா?” என்று கேட்டார்.